மாலை ஐந்து மணி விதி: கோவிட் காலத்தில் அமெரிக்க நர்சிங் ஹோம்களுக்கு என்னென்ன சட்டம் போட்டார்கள்?

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் பிரசவம் பார்க்கிற, குடல்வால் ஆபரேஷன் செய்கிற சின்ன தனியார் ஆஸ்பத்திரி. அமெரிக்காவில் அந்தப் பெயருக்கு அர்த்தமே வேறு. எழுந்து நடக்க முடியாத, தானாகச் சாப்பிட முடியாத, ஞாபகம் தப்பிப்போன முதியவர்கள் மாதக்கணக்கில், பல சமயம் கடைசி மூச்சுவரை, தங்கியிருக்கிற இடம் அது. நாடு முழுக்க சுமார் 15,000 இல்லங்கள், 13 லட்சம் பேர். நர்சிங் ஹோம்களையும் அவை போன்ற மற்ற நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களையும் சேர்த்துப் பார்த்தால், அங்கே வசித்தவர்களும் வேலை செய்தவர்களுமாக 2 லட்சத்துக்கும் அதிகமானோர் 2022 தொடக்கத்துக்குள் கோவிடில் இறந்திருந்தார்கள்.

இத்தனை பேர் செத்துக்கொண்டிருந்தபோது அரசாங்கம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. சுற்றறிக்கைக்கு மேல் சுற்றறிக்கை, திருத்தம், திருத்தத்துக்கு ஒரு திருத்தம் என்று வந்துகொண்டே இருந்தது. விதிக்குப் பஞ்சமே இல்லை. எந்த விதி சீக்கிரம் வந்தது, எது ஆடி அசைந்து வந்தது, அது யாரை மனதில் வைத்து எழுதப்பட்டது என்று வரிசையாகப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

இந்த இல்லங்களின் குடுமி யார் கையில் இருக்கிறது? பெரும்பாலானவை லாபத்துக்காக நடத்தப்படும் தனியார் நிறுவனங்கள். ஆனால் வருமானத்தில் பெரும்பகுதி அரசாங்கத்திடமிருந்து வருகிறது. 65 வயது தாண்டியவர்களுக்கு மெடிகேர், கையில் காசில்லாதவர்களுக்கு மெடிகெய்ட் என்று இரண்டு திட்டங்கள். இரண்டையும் கவனிப்பது சி.எம்.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மத்திய அலுவலகம். அதன் பிடி ரொம்ப எளிமையானது: என் பணம் வேண்டுமா, என் விதிப்படி நட. விதி ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க மாநில ஆய்வாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வருவார்கள், 15 மாதத்துக்கு ஒருமுறையாவது வந்தாக வேண்டும். குறை கண்டால் எழுதி வைப்பார்கள், அபராதம் போடுவார்கள். இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. அசிஸ்டட் லிவிங் என்ற பெயரில் கொஞ்சம் நடமாட்டம் உள்ள முதியவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லங்கள் இந்த மத்திய விதிகளுக்குள் வராது. அவை முழுக்க முழுக்க மாநிலத்தின் பொறுப்பு. ஆகவே கீழே வரும் மத்திய உத்தரவுகளில் பெரும்பாலானவை அங்கே இருந்தவர்களைத் தொடவே இல்லை.

தொற்றைத் தடுப்பதில் இந்த இல்லங்கள் சொதப்புகின்றன என்பது கோவிடுக்கு முன்பே ஊரறிந்த ரகசியம். 2013 முதல் 2017 வரையிலான ஆய்வறிக்கைகளை எடுத்துப் பார்த்த அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பு, 82 சதவீத இல்லங்களில் ஒருமுறையாவது தொற்றுத்தடுப்புக் குறை எழுதப்பட்டிருந்ததைக் கண்டது. கை கழுவாதது, முகக்கவசம் போடாதது மாதிரி குறைகள்தான். பெரும்பாலும் லேசானவை என்று வகைப்படுத்தி, தண்டனை இல்லாமல் விட்டிருந்தார்கள். 2016இல் வந்த ஒரு விதி, தொற்றுத்தடுப்புக்கென்று பயிற்சி பெற்ற ஒருவர் பகுதி நேரமாவது ஒவ்வொரு இல்லத்திலும் வேலை பார்க்க வேண்டும் என்றது. 2019 ஜூலையில், அதாவது கோவிட் வருவதற்குச் சில மாதம் முன்பு, அதையும் கொஞ்சம் தளர்த்தலாமே என்று சி.எம்.எஸ். ஒரு வரைவு வெளியிட்டது.

2020 பிப்ரவரி கடைசியில் வாஷிங்டன் மாநிலத்தின் கிர்க்லேண்ட் ஊரில் ஒரு இல்லத்தில் நோய் வெடித்தது. மார்ச் 18க்குள் அந்த ஒரு இடத்தோடு தொடர்புடையவர்களாக 167 பேருக்குத் தொற்று: அங்கே வசித்தவர்கள் 101, ஊழியர்கள் 50, பார்க்க வந்தவர்கள் 16. வசித்தவர்களில் மூன்றில் ஒருவர் இறந்தார். இந்த எண்களில் ஊழியர்களுக்கும் பார்வையாளர்களுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆள் இரண்டு மூன்று இல்லங்களில் வேலை பார்ப்பதும், உடம்பு சரியில்லாமலேயே வேலைக்கு வருவதும் நோயைப் பரப்பியிருக்கிறது என்று அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு அமைப்பான சி.டி.சி. அந்த மாதமே எழுதிவிட்டது. ஏன் அப்படி வருகிறார்கள் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. நர்ஸ் எய்ட் என்ற பராமரிப்பு உதவியாளருக்குச் சம்பளம் குறைவு, பல இடங்களில் சம்பளத்தோடு விடுப்பு கிடையாது, ஒரு வேலையில் வீட்டு வாடகை கட்டி முடியாது.

மார்ச் 4ஆம் தேதி சி.எம்.எஸ். வழக்கமான ஆய்வுகளை நிறுத்தி, தொற்றுத்தடுப்பை மட்டும் பாருங்கள் என்று ஆய்வாளர்களுக்குச் சொன்னது. மார்ச் 13ஆம் தேதி பெரிய உத்தரவு வந்தது. சாகும் தறுவாயில் இருப்பவரைப் பார்ப்பது போன்ற காரணம் தவிர, வெளியாள் யாரும் உள்ளே வரக்கூடாது. பொதுச் சாப்பாட்டுக் கூடம் மூடல், குழுவாகச் செய்யும் எல்லாம் ரத்து. வாசலில் ஊழியர்களுக்குக் காய்ச்சல் பார்த்து உள்ளே அனுப்ப வேண்டும்.

அந்த நேரத்துப் பதற்றத்தில் இது நியாயமாகத்தான் தோன்றியது. ஆனால் காய்ச்சல் பார்த்து அனுப்புவது எவ்வளவு ஓட்டை வலை என்பது இரண்டே வாரத்தில் தெரிந்துபோனது. அதே வட்டாரத்தில் இன்னொரு இல்லத்தில் அறிகுறி இருக்கிறதோ இல்லையோ 76 பேரைப் பரிசோதித்தார்கள். 48 பேருக்குத் தொற்று. அதில் 27 பேருக்குப் பரிசோதனை செய்த நாளில் இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, ஒன்றுமே இல்லை. முதற்கட்ட முடிவுகள் மார்ச் மாதத்திலேயே அச்சில் வந்துவிட்டன. நெற்றியில் வெப்பமானியைக் காட்டி எடுப்பதால் பிடிபடாத நோய் இது என்று அர்த்தம். ஆனால் ஊழியர்களைக் கட்டாயமாகப் பரிசோதிக்க வேண்டும் என்ற மத்திய விதி வந்தது ஆகஸ்ட் கடைசியில். ஐந்து மாதம்!

இன்னொரு ஆராய்ச்சி எனக்கு ரொம்பப் பிடித்தது. பொருளாதார ஆய்வாளர்கள் சிலர் கோடிக்கணக்கான ஸ்மார்ட்போன்களின் இருப்பிடத் தரவை வாங்கி, பார்வையாளர் தடைக்குப் பிறகும் எந்த ஃபோன்கள் ஒரு நர்சிங் ஹோமிலிருந்து இன்னொரு நர்சிங் ஹோமுக்குப் போகின்றன என்று பார்த்தார்கள். மகனும் மகளும் வெளியே நிறுத்தப்பட்ட பிறகு உள்ளே போகிற ஃபோன் பெரும்பாலும் யாருடையது? ஊழியர் அல்லது ஒப்பந்தக்காரர். ஒரு இல்லத்தில் ஒரு மணி நேரமாவது இருந்த ஃபோன்களில் நூற்றில் ஐந்துக்குக் கொஞ்சம் அதிகமானவை வேறொரு இல்லத்திலும் தென்பட்டன. இப்படி ஒரே ஊழியர்களால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்ட இல்லங்களில்தான் தொற்றும் அதிகமாக இருந்தது. முன்வாசலைப் பூட்டிவிட்டு ஊழியர்கள் வரும் பின்வாசலில் ஒரு வெப்பமானியை மட்டும் வைத்த கதைதான்.

பூட்டிய முன்வாசலுக்கு வெளியே நின்றவர்களின் நிலையையும் சொல்ல வேண்டும். ஃப்ளோரிடா மாநிலமும் இதே மாதிரி தன் உத்தரவைப் போட்டிருந்தது. ஜாக்சன்வில்லில் ஒரு பெண், அல்சைமர் நோயால் நினைவு மங்கிய தன் கணவரை தினமும் சாயங்காலம் போய்ப் படுக்கவைத்துவிட்டு வருபவர், 114 நாள் அவரைத் தொட முடியாமல் இருந்தார். கடைசியில் அதே இல்லத்தின் சமையலறையில் பாத்திரம் கழுவும் வேலைக்குச் சேர்ந்தார், வாரத்தில் இரண்டு நாள். வேலை முடிந்ததும் கணவரின் அறைக்குப் போகலாம். மனைவியாக வந்தால் ஆபத்து, பாத்திரம் கழுவுபவராக வந்தால் ஆபத்தில்லை என்று விதி சொன்னது. செய்தி பரவியதும் மாநில ஆளுநர் அவரையே பார்வையாளர் விதிகளைத் திருத்தும் குழுவில் உறுப்பினராகப் போட்டார். அந்த செப்டம்பரில் ஃப்ளோரிடாவில் கதவு கொஞ்சம் திறந்தது.

இதில் பாசம் மட்டும் சம்பந்தப்பட்டிருக்கவில்லை. இந்த இல்லங்களில் குடும்பத்தார்தான் சம்பளமில்லாத ஊழியர்கள். சோறு ஊட்டுவார்கள், செருப்பை மாட்டிவிடுவார்கள், முதுகில் படுக்கைப்புண் வந்திருப்பதை முதலில் பார்ப்பார்கள், பார்த்ததும் கத்துவார்கள். அவர்களை வெளியே நிறுத்தியபோது ஒரு இல்லத்தின் பாதிக் கண்கள் மூடிக்கொண்டன. ஆய்வாளரும் வழக்கம்போல வருவதில்லை, முதியவர்கள் சார்பாகப் புகார் கேட்கும் மாநில அலுவலரும் உள்ளே வர முடியவில்லை. கனெக்டிகட் மாநிலத் தரவைப் பார்த்தவர்கள், அந்த மாதங்களில் கோவிட் வராத முதியவர்களுக்குக்கூட எடை இறங்கியதையும் மனச்சோர்வு கூடியதையும் கண்டார்கள்.

அதே மார்ச்சில் இன்னொரு பக்கம் விதிகள் மளமளவென்று தளர்ந்தன. தேசிய அவசரநிலை அறிவிக்கப்பட்டதால் வழக்கமான நிபந்தனைகளை நிறுத்திவைக்கும் அதிகாரம் சி.எம்.எஸ்.ஸுக்குக் கிடைத்தது. சாதாரணமாக ஒருவர் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் உள்நோயாளியாக இருந்திருந்தால்தான் அதற்குப் பிறகான நர்சிங் ஹோம் செலவை மெடிகேர் தரும். அது தள்ளுபடி. ஆஸ்பத்திரிப் படுக்கை காலியாக வேண்டிய நேரத்தில் இது புத்திசாலித்தனம்தான். கூடவே ஒரு பக்கவிளைவும் இருந்தது. ஏற்கெனவே இல்லத்தில் இருப்பவரை எங்கேயும் அனுப்பாமலேயே மெடிகெய்டின் குறைந்த கட்டணத்திலிருந்து மெடிகேரின் கூடுதல் கட்டணத்துக்கு மாற்ற முடிந்தது.

நர்ஸ் எய்ட் ஆகக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி வேண்டும், நான்கு மாதத்துக்குள் தேர்ச்சி பெற வேண்டும் என்ற விதியும் நிறுத்தப்பட்டது. நர்சிங் ஹோம்களின் சங்கம் எட்டு மணி நேர ஆன்லைன் பாடம் ஒன்றை இலவசமாகப் போட்டது. அதை முடித்தவர் தற்காலிக நர்ஸ் எய்ட். படுக்கையிலிருந்து 80 வயதுக்காரரை எலும்பு முறியாமல் தூக்கி நாற்காலியில் உட்காரவைப்பது எப்படி என்பதைக் கணினித் திரையில் எவ்வளவு கற்றுக்கொள்ள முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் பாதி ஊழியர்கள் காய்ச்சலில் படுத்திருக்கும்போது யாருமே வராமல் இருப்பதைவிட இது மேல் என்று சொன்னவர்களின் வாதத்தையும் தள்ளிவிட முடியாது.

நியூயார்க் கதை தனி. மார்ச் 25ஆம் தேதி அந்த மாநில சுகாதாரத் துறை, ஒருவருக்குக் கோவிட் இருக்கிறது, அல்லது இருக்கலாம் என்ற ஒரே காரணத்துக்காக அவரைச் சேர்க்க மறுக்கக்கூடாது என்று நர்சிங் ஹோம்களுக்கு உத்தரவு போட்டது. சேர்க்கும் முன் பரிசோதனை கேட்கவும் கூடாது. ஆஸ்பத்திரிகள் நிரம்பி வழிந்த நேரம். நோயாளியை எங்கேயாவது அனுப்ப வேண்டும், அனுப்பிய இடமோ நோய்க்கு மிக எளிதாக இரையாகக்கூடியவர்கள் நெருக்கமாகப் படுத்திருந்த இடம். மே 10ஆம் தேதி அன்றைய ஆளுநர் ஆண்ட்ரூ கோமோ அதை மாற்றினார். இடைப்பட்ட காலத்தில் 9,000க்கும் மேற்பட்ட நோயாளிகள் அப்படிப் போய்ச் சேர்ந்திருந்தார்கள் என்பது பின்னால் வெளிவந்தது. அந்த உத்தரவினால் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. ஊழியர்கள் வழியாக ஏற்கெனவே நோய் உள்ளே நுழைந்துவிட்டது என்று ஒரு தரப்பு, எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றினார்கள் என்று இன்னொரு தரப்பு. சண்டை இல்லாத விஷயம் ஒன்று உண்டு. 2021 ஜனவரியில் மாநில அட்டர்னி ஜெனரல் லெட்டிஷியா ஜேம்ஸ் வெளியிட்ட அறிக்கை, நர்சிங் ஹோம் சாவுகளை மாநிலம் 50 சதவீதம்வரை குறைத்துக் காட்டியிருக்கலாம் என்றது. இல்லத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அங்கே இறந்தவரை நர்சிங் ஹோம் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தார்கள்.

கணக்கு என்றதும் அந்த ஐந்து மணி விதிக்கு வருகிறேன். 2020 ஏப்ரல் பாதிவரை எந்த இல்லத்தில் எத்தனை பேருக்கு நோய் என்று நாடு முழுவதற்கும் ஒரு கணக்கே கிடையாது. அம்மா இருக்கும் இல்லத்தில் நோய் வந்துவிட்டதா என்பதைப் பல பிள்ளைகள் டிவியில் ஆம்புலன்ஸ் வரிசையைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். ஏப்ரல் 19ஆம் தேதி அறிவித்து, மே 8ஆம் தேதி அமலுக்குக் கொண்டுவந்த விதியில் இரண்டு பகுதிகள் இருந்தன. ஒன்று, ஒவ்வொரு இல்லமும் வாரத்துக்கு ஒருமுறையாவது தொற்று, சாவு, கையிருப்பில் உள்ள கவச உடை, ஆள் பற்றாக்குறை எல்லாவற்றையும் சி.டி.சி.யின் கணினி அமைப்பில் பதிய வேண்டும். தவறினால் முதல் முறை 1,000 டாலர் அபராதம், பிறகு தவறவிடும் ஒவ்வொரு வாரத்துக்கும் 500 டாலர் கூடிக்கொண்டே போகும். இரண்டு, ஒருவருக்குத் தொற்று உறுதியானாலோ, 72 மணி நேரத்துக்குள் மூன்று அல்லது அதற்கு மேற்பட்டவர்களுக்குப் புதிதாக மூச்சு சம்பந்தப்பட்ட அறிகுறி வந்தாலோ, மறுநாள் மாலை 5 மணிக்குள் அங்கே இருக்கும் எல்லோருக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் சொல்லியாக வேண்டும். பெயர் சொல்லக்கூடாது. நோயைத் தடுக்க என்ன செய்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஃபோன், மின்னஞ்சல், ஒலிப்பதிவு எதுவானாலும் சரி.

அந்தக் காலத்தில் வந்த விதிகளிலேயே செலவு குறைவானதும் உருப்படியானதும் இதுதான் என்பது என் கட்சி. இதற்குப் பரிசோதனைக் கருவி வேண்டாம், கூடுதல் ஆள் வேண்டாம். ஒரு உண்மையைச் சொல்ல ஒரு நேரக்கெடு மட்டும். எத்தனை மணிக்குள், யாருக்கு, என்ன என்று இவ்வளவு துல்லியமாக எழுதியதால் மீறியதா இல்லையா என்பதில் வழக்காட இடமே இல்லை. ஜூன் மாதத்தில் இல்லம் இல்லமாக எண்கள் இணையத்தில் வெளிவந்தபோது பத்திரிகைக்காரரும் பிள்ளைகளும் ஒரே பட்டியலைப் பார்க்க முடிந்தது.

ஆகஸ்டில் வந்த பரிசோதனை விதி இதற்கு நேர் எதிர். ஊழியரை எத்தனை நாளுக்கு ஒருமுறை பரிசோதிப்பது என்பது அந்த மாவட்டத்தில் பரிசோதித்தவர்களில் எத்தனை சதவீதம் பேருக்குத் தொற்று என்பதைப் பொறுத்தது. 5 சதவீதத்துக்குக் கீழே என்றால் மாதம் ஒருமுறை, 5 முதல் 10 வரை என்றால் வாரம் ஒருமுறை, அதற்கு மேல் என்றால் வாரம் இருமுறை. மாவட்ட எண் மாற மாற அட்டவணையும் மாறும். உடனடி முடிவு காட்டும் கருவிகளை அரசாங்கம் இல்லங்களுக்கு அனுப்பியது, ஆனால் அதில் போடும் பரிசோதனைப் பட்டைகள் தீர்ந்தால் சொந்தக் காசில் வாங்க வேண்டும்.

அனுப்பிய பொருள்களின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். பேரிடர் நிர்வாக அமைப்பு ஒவ்வொரு இல்லத்துக்கும் 14 நாளுக்கான கவசப் பொருள்களைப் பெட்டியில் அனுப்பியது. சில இல்லங்களில் பிரித்துப் பார்த்தால் கவுன் என்ற பெயரில் நீல பிளாஸ்டிக் தார்ப்பாய் மாதிரி ஒன்று, தலைக்கு ஓட்டை இருக்கிறது, கை நுழைக்க ஓட்டை இல்லை. கவச உடை அணிந்துதான் பராமரிக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உட்காருவதைத் தவிர வேறு என்ன செய்வார்கள்?

2020 செப்டம்பர் 17ஆம் தேதி பார்வையாளர் தடை தளர்ந்தது. வெளியே தோட்டத்தில் பார்க்கலாம், 14 நாளாகப் புதுத் தொற்று இல்லையென்றால் உள்ளேயும் பார்க்கலாம். காகிதத்தில் சரி. ஆனால் குளிர்காலம் வந்தது, தொற்று ஏறியது, 14 நாள் சுத்தமாக இருப்பது என்பது பல இல்லங்களுக்கு வாய்க்கவே இல்லை. டிசம்பர் 21ஆம் தேதி மருந்துக்கடைச் சங்கிலிகள் வழியாக இல்லங்களில் தடுப்பூசி போடத் தொடங்கியபோதுதான் சாவு எண்ணிக்கை உண்மையிலேயே சரிந்தது. 2021 மார்ச் 10ஆம் தேதி வந்த திருத்தத்தில், முழுமையாகத் தடுப்பூசி போட்டுக்கொண்ட முதியவர் விரும்பினால் முகக்கவசத்தோடு தன்னைப் பார்க்க வந்தவரைத் தொடலாம் என்று ஒரு வரி இருந்தது. தொடுவதற்கு அனுமதி தரும் வரி ஒரு அரசாங்கச் சுற்றறிக்கையில்! அந்த ஆண்டு நவம்பர் 12 முதல் எல்லோருக்கும் எந்நேரமும் அனுமதி.

முதியவர்கள் ஊசி போட்டுக்கொண்ட வேகத்தில் ஊழியர்கள் போட்டுக்கொள்ளவில்லை. 2021 நவம்பர் 5ஆம் தேதி கட்டாயத் தடுப்பூசி விதி வந்தது, நர்சிங் ஹோம்களுக்கு மட்டுமல்லாமல் சி.எம்.எஸ். பணம் பெறும் சுமார் 76,000 மருத்துவ நிறுவனங்களுக்கும். பல மாநிலங்கள் வழக்குப் போட்டன. 2022 ஜனவரி 13ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் விதி செல்லும் என்றது. வேடிக்கை என்னவென்றால், பெரிய நிறுவனங்களின் எல்லா ஊழியர்களுக்குமான தடுப்பூசி அல்லது பரிசோதனை விதியை அதே நாளில் அதே நீதிமன்றம் நிறுத்திவைத்தது. ஒன்று செல்லும், மற்றது செல்லாது என்பதற்குக் காரணம் முன்பு சொன்ன அந்தப் பிடிதான்: பணம் தருபவர் நிபந்தனை போடலாம். செல்லும் என்று சொல்லப்பட்ட அந்த மருத்துவ ஊழியர் விதியும் 2023 ஆகஸ்டில் விலக்கப்பட்டது.

தளர்வுகள் ஒவ்வொன்றாக முடிவுக்கு வந்தன. எட்டு மணி நேர நர்ஸ் எய்டுக்கான பொது விலக்கு 2022 ஜூனோடு முடிந்தது, மூன்று நாள் ஆஸ்பத்திரி விதி 2023 மே 11ஆம் தேதி அவசரநிலை முடிந்தபோது திரும்பி வந்தது. ஆள் பற்றாக்குறைதான் எல்லாவற்றுக்கும் வேர் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகு, 2024இல் ஒரு பெரிய விதி எழுதினார்கள். ஒரு முதியவருக்கு நாளொன்றுக்கு ஊழியர் நேரம் குறைந்தது 3.48 மணி, நாள் முழுக்க ஒரு பதிவுபெற்ற நர்ஸ். இல்லங்கள் ஆள் கிடைக்கவில்லை, காசு இல்லை என்றன. 2025 ஏப்ரலில் டெக்சாஸில் ஒரு மத்திய நீதிபதி அதை ரத்து செய்தார். அந்த ஜூலையில் நிறைவேறிய வரவுசெலவுச் சட்டம், 2034 செப்டம்பர் கடைசிவரை அதை அமல்படுத்தவே கூடாது என்று பூட்டுப் போட்டது.

அப்புறம் அந்த மே 8 விதியின் இரண்டு பாதிகள். அரசாங்கத்துக்கு வாராவாரம் எண் அனுப்பும் பாதி பிழைத்துக்கொண்டது. 2025 ஜனவரி 1 முதல் கோவிடோடு ஃப்ளூவையும் ஆர்.எஸ்.வி. என்ற சுவாச வைரஸையும் சேர்த்து நிரந்தரமாகவே ஆக்கிவிட்டார்கள். மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும் என்ற பாதியை, அவசரநிலை முடியும் சமயத்தில், இனி இல்லங்களிடம் எதிர்பார்க்கப்போவதில்லை என்று சி.எம்.எஸ். ஒரு சுற்றறிக்கையில் ஓரிரு வரிகளில் எழுதி முடித்துவிட்டது.